எந்த ஊர் மண்

அந்த ரோஜாவை யார் சார் உங்கள் தலையில் கட்டினது? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டிபட்டியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன், என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வேரைச் சுற்றி அப்பியிருக்கிறானே, அது கண்மாய்க் களிமண். ரெண்டு நாள் வெயில் பட்டால் செங்கல்லாகிவிடும். செடி அதற்குள் மூச்சு முட்டிச் சாகும். அவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பேரம் பேசாத முகம்.

காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாக்கை மிதிக்க வேண்டாம். உள்ளே உயிர் இருக்கிறது. பாம்பு கீம்பு இல்லை சார், மண்தான். மண்ணுக்குள் இருக்கிற உயிர். கண்டக்டரும் இப்படித்தான் பயந்தான். "என்னண்ணே மூட்டையில?" என்றான். மண்ணு என்றேன். "எந்த ஊரு மண்ணு?" என்றான். "நம்ம ஊரு மண்ணுதாம்ப்பா" என்றேன். லக்கேஜ் போடணும் என்றான். உன் செருப்பில் ஒட்டியிருக்கிற மண்ணுக்கு யாரிடம் டிக்கெட் எடுத்தாய் என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அவனே சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான். நான் அப்படித்தான். கேட்டதைக் கொடுத்துப் பழக்கமில்லை.

என் பேர் ஒச்சுக்காளை. ரோட்டு மேலேயே நர்சரி. வருகிற வழியில் பச்சை போர்டு பார்த்திருப்பீர்கள், 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்த அபூர்வ மண் இங்கே கிடைக்கும்' என்று. அது என்னுடையதுதான். கதை விடவில்லை சார். புத்தகத்தில் வந்திருக்கிறது, இங்கிலீஷ் புத்தகம். அந்தப் புத்தகத்தால்தான் இன்றைக்கு மதுரைக்கு ஓடுகிறேன். ஒரு பெண்ணின் படிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி. அவளோ என்னை வர வேண்டாம் என்கிறாள். நன்றி கெட்ட பிள்ளை. இருக்கட்டும். நான் போகத்தான் போகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பள்ளிக்கூடம் எனக்குச் சரிப்படவில்லை. சின்ன வயதிலேயே கம்பத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் மூட்டை தூக்கப் போய்விட்டேன். ஒருநாள் ஒரு வியாபாரி தக்காளியைப் பார்த்து, நல்லா இருக்கே, எந்தத் தோட்டம் என்று கேட்டான். நான் சொல்லிவிட்டேன். அவன் போனதும் முதலாளி கூப்பிட்டார். கன்னத்தில் விட்டார் பாருங்கள், இந்த இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. "எடத்தச் சொல்லிப்பிட்டா நாளைக்கு அவன் நேரா அங்கயே போயிருவான்டா. நீயும் நானும் எங்க போறது?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் படித்த படிப்புதான் எனக்கு. பிறகு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டினேன். நாற்று வாங்கி விற்றேன். நிலம் பிடித்தேன், நர்சரி போட்டேன். என் சரக்கு எங்கேயிருந்து வருகிறது என்று என் பெண்டாட்டிக்கே தெரியாது. கேட்டால், நம்முடையதுதான் என்பேன்.

போன ஐப்பசியில்தான் அந்தப் பெண் வந்தாள். ஜெசிந்தா என்று பேர். ராயப்பன்பட்டிப் பிள்ளை, மதுரையில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி படிக்கிறாள். அப்போது எனக்குப் பேர் ஊர் எதுவும் தெரியாது. தோட்டத்துக் கடைசியில் புங்கமரம் இருக்கிறது. அதன் நிழலில்தான் என் நல்ல மண்ணைக் குவித்து வைத்திருப்பேன். பார்த்தால், குவியல் பக்கத்தில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்து கரண்டியால் கிளறிக்கொண்டிருக்கிறாள். ஃபாரஸ்ட்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் வாய் திறந்துகொள்ளும். என்னென்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் எழுந்திருக்கவே இல்லை. கரண்டியைத் துடைத்தாள். "நீங்க திட்டி முடிச்சிட்டா நான் ஒண்ணு கேக்கலாமாண்ணே?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குப் பிடித்துவிட்டது சார். திட்டுக்கு ஓடாத ஆளோடுதான் வியாபாரம் பேச முடியும்.

மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதாம். செள்ளு மாதிரி, ஆனால் கடிக்காதாம். மட்கின இலையைத் தின்று மண்ணாக்குமாம். எந்தெந்த ஊரில் எந்தெந்தச் செள்ளு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாளாம். ஒரு பை மண் வேண்டும் என்றாள். சும்மா தருவேனா? எனக்கு என்ன லாபம் என்றேன். புதுசாக ஏதாவது கிடைத்தால் உங்கள் நர்சரிப் பேரை எழுதுகிறேன் என்றாள். ஊர்ப் பேரும் போடு என்றேன். போடுகிறேன் என்றாள். பேரம் முடிந்தது.

அப்புறம்தான் கேட்டாள், வெளியிலிருந்து மண், எரு ஏதாவது கொண்டுவந்து கொட்டினது உண்டா என்று. எல்லோரும் கேட்கிற கேள்விதானே. "எங்க மண்ணுதான் தாயி, அப்பன் பாட்டன் மண்ணு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

என் மோட்டார் ரூமிலேயே கடை விரித்தாள். தகரப் புனல், அதில் ஒரு சல்லடை, சல்லடையில் மண். மேலே குண்டு பல்பு எரியும். கீழே ஸ்பிரிட் பாட்டில். சூடு தாங்காமல் பூச்சியெல்லாம் கீழே கீழே போகும். கீழே ஈரம் இருக்கிறது என்று நம்பிப் போகும். போய் ஸ்பிரிட்டில் விழுந்து சாகும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவளும் கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டிலிருந்து சோறு கொடுத்தனுப்பினால் குழம்பில் உப்பு இல்லை என்பாள். என் பெண்டாட்டிக்கு அவள் என்றால் உயிர். எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை.

மதுரைக்குப் போய் அதையெல்லாம் பெரிய லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள் பாருங்கள். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி வந்தாள். நாற்றுப் பைகளுக்கு நடுவே சேலை தடுக்கத் தடுக்க ஓடிவருகிறாள். ஒரு படம் காட்டினாள். மெருகு போட்ட கடுகு மாதிரி ஒரு பூச்சி. எட்டுக் கால். "அண்ணே, இது மலைக்கு அந்தப் பக்கம் மட்டுந்தான் இருக்குன்னு இத்தன வருசமா எழுதி வச்சிருக்காங்க. ஈரக்காட்டுல வாழுறது. இந்தக் காஞ்ச பூமியில எப்படிண்ணே உசுரோட இருக்கு?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான் மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் மண் அப்பேர்ப்பட்ட மண் என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை அவள். புத்தகத்தில் நர்சரிப் பேர் வந்தது. ஊர்ப் பேர் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். போர்டு எழுதினேன். அந்தத் தையில் மண் போன வேகத்தைப் பார்க்க வேண்டும். பங்களாக்காரர்கள் கார் டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். புங்கமரத்துக் குவியல் அடி தெரிந்துவிட்டது.

கணவாய் தாண்டிவிட்டோமா? காற்று மாறுகிறது. ஜன்னலை ஏற்றிவிடுங்கள், செடிக்கு ஆகாது.

வினை அங்கேதான் பிடித்தது. வேறே காலேஜிலிருந்து ஒரு ஆள் வந்தான். நல்ல வெயில் காலம். அங்கங்கே தோண்டி எடுத்துக்கொண்டு போனான். அவன் மண்ணில் ஒன்றும் இல்லையாம். ஒரு பூச்சி கூட இல்லையாம். உடனே அவள் காலேஜுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுவிட்டான். அந்தப் பெண் அதே வாரத்தில் இடுக்கிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்திலும் மண் எடுத்திருக்கிறாள். அந்தப் பையையும் இந்தப் பையையும் மாற்றிவிட்டாள், இல்லை, பேர் வாங்க வேண்டும் என்று தெரிந்தே மாற்றினாள் என்று எழுதியிருக்கிறான். இதுதான் குற்றம். இது நிரூபணமானால் அவள் ஆராய்ச்சி மொத்தமும் குப்பைக்குப் போகும். அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்பா இல்லாத பிள்ளை சார். அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்துப் படிக்கவைத்த பிள்ளை.

அவளுடைய கைடு, பெரிய பேராசிரியர், நேரிலேயே வந்து விசாரிக்கிறேன் என்று கிளம்பினார். அதற்கு முந்தின நாள் அவள் எனக்குப் போன் பண்ணினாள். "அண்ணே, நாளைக்கு சார் கேப்பாரு. உண்மைய மட்டும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். நீ பயப்படாதே தாயி, சொன்ன சொல்லில் நிற்பேன் என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன்.

வந்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போட்டுப் பேசவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். யோசித்துச் சொல்லுங்கள், வெளி மண் வந்ததே இல்லையா, இலை தழை, எரு, எதுவுமே வந்ததில்லையா என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறார். என்னை இப்படி எவனும் கேட்டதில்லை. பெண்டாட்டியைச் சூடம் எடுத்துவரச் சொன்னேன். புங்கமரத்து அடியில், மிச்சம் கிடந்த மண் மேலேயே ஏற்றினேன். இது என் மண் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். இதோ பாருங்கள், தழும்பு. இன்னும் தோல் சரியாகவில்லை.

பொய்ச் சத்தியமா பண்ணுவேன்? என் மண்தானே. காசு கொடுத்து ஏற்றி, செக்போஸ்டில் கும்பிடு போட்டு, என் இடத்தில் இறக்கினால் அது யார் மண்? வாங்கின சட்டை என் சட்டைதானே. தைத்தவன் சட்டையா?

பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே காருக்குப் போய்விட்டார். கூட வந்திருந்த ஜெசிந்தா போகவில்லை. அந்த அடிமண்ணில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். எதையோ எடுத்தாள். வெந்துபோன என் கையை விரித்து, அதில் வைத்து, விரலை மூடிவிட்டாள். "மருந்து போடுங்கண்ணே" என்றாள். போய்விட்டாள். கையைத் திறந்து பார்த்தால் ஒரு ஏலக்காய். வற்றிப்போன, கறுத்த ஏலக்காய். புண்ணுக்கு ஏலக்காய் வைத்தியம் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? படித்த பிள்ளைகளுக்குச் சில நேரம் இப்படித்தான் ஏதாவது கோட்டி பிடிக்கும். ஆனாலும் கீழே போட மனசு வரவில்லை. சட்டைப் பையிலேயே கிடக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். இதுதான். முகர்ந்து பாருங்கள், இன்னும் லேசாக வாசனை இருக்கிறது.

அதோடு சரி. போன் எடுப்பதில்லை. வருவதில்லை. கை வெந்தவன் நான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. என் பெண்டாட்டி, அந்தப் பிள்ளையை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். நான் என்ன சொன்னேன்? அவளுக்காகச் சூடம் அணைத்தேன்.

போன வாரம் அவள் அம்மா பேசினாள். இன்றைக்கு மத்தியானம் காலேஜில் கமிட்டி உட்காருகிறதாம். இந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிறதாம், கேட்டால் எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்கிறதாம். "நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா நம்புவாகளாண்ணே?" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் வார்த்தையை எவன் நம்புவான்? சரக்கைக் கண்ணில் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சாக்கு. புங்கமரத்து மண்ணெல்லாம் விற்றுப்போய்விட்டது இல்லையா, அதனால் முந்தாநாள் நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பமெட்டு மலை ஏறினேன். நான் எப்போதும் மண் வாங்குகிற அதே தோட்டம், அதே மேஸ்திரி, அதே ஏலச்செடிக்கு அடியில் அள்ளின மண். நானே அள்ளினேன், ஈரம் காயாமல் தழை போட்டு மூடிக்கொண்டு வந்தேன். கமிட்டி முன்னால் கொட்டுவேன். பல்பைப் போட்டுப் பாருங்கள் என்பேன். அந்தக் கடுகுப் பூச்சி பொத்துப் பொத்தென்று விழும். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

வருகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நீங்கள் வர வேண்டாம்ணே என்று பதில். அவ்வளவுதான். கும்பிடும் இல்லை, நன்றியும் இல்லை. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

என்ன சார், ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள். செக்கானூரணி வந்துவிட்டது. இவ்வளவு நேரம் 'ம்' கொட்டினீர்கள், இப்போது அதுவும் இல்லை. எங்கள் தொழிலில் ஆள் பேச்சை நிறுத்திவிட்டால் கடையை விட்டு இறங்கப் போகிறான் என்று அர்த்தம். ஏதாவது கேளுங்கள்.

என்னது? இந்தக் காதில் சொல்லுங்கள்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஏலக்காய் விளையுமா என்றா கேட்டீர்கள்? நல்ல ஆள் சார் நீங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு எருக்கு விளையும். ஏலக்காய்க்கு மலை வேண்டும், மழை வேண்டும், எந்நேரமும் ஈரம் வேண்டும். எங்கள் ஊர் மண்ணில் ஏலக்காய் எங்கேயிருந்து...

இருங்கள்.

இருங்கள் சார், பேசாதீர்கள்.

அவள் அதைக் குவியலுக்குள்ளிருந்துதான் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

அப்படியென்றால் பூச்சியும்.

அப்படியென்றால் அவள் பையை மாற்றவே இல்லை. அவள் எடுத்தது என் தோட்டத்தில்தான். ஆனால் அது... முதல் நாளே கேட்டாளே சார். வெளி மண்ணா என்று அதைத்தானே கேட்டாள். போனில் உண்மையைச் சொல்லச் சொன்னாள். அந்தப் பேராசிரியரும் திருப்பித் திருப்பி அதைத்தானே கேட்டார். நான் வாங்க வருகிறவன் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன். எனக்குப் போட்டியாக அவர்கள் நேரே போய் வாங்கிவிடவா போகிறார்கள். எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். சூடம் வேறு அணைத்தேன்.

அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் கத்தவில்லை? காரைத் தட்டி, சார், இதோ பாருங்கள் என்று காட்டியிருக்கலாமே. நான்தானே சாட்சி, சாட்சியே சத்தியம் பண்ணிவிட்டானே என்று விட்டுவிட்டாளா? இல்லை, மண் அள்ளினது தெரிந்தால் ஃபாரஸ்ட் கேஸ் என்மேல் விழும், என் ஜீப் போகும், நர்சரி போகும் என்று பார்த்தாளா? முதல் நாள் நான் பயந்த பயத்தைத்தான் பார்த்தவளாயிற்றே. கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறாளாம். எனக்குத் தெரியாது என்று.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் சார். நீங்களும் அவளை மாதிரியே பார்க்கிறீர்கள்.

இந்தச் சாக்கைக் கொண்டுபோய்க் கொட்டினால் அந்தப் பேராசிரியர் நம்புவார். நன்றாகவே நம்புவார். பூச்சி விழும். அவள் தப்பித்துவிடுவாள். போர்டும் அப்படியே இருக்கும். எல்லோருக்கும் லாபம்தான். அவள் மட்டும் என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள். அது ஒன்றுதான் நஷ்டம்.

களவாசல் தாண்டிவிட்டது. ஆரப்பாளையத்தில் இறங்க வேண்டும்.

அந்தக் காயைக் கொடுங்கள் இப்படி. உங்கள் கையிலேயே வைத்திருக்கிறீர்களே. கொடுங்கள். பேரம் பேசிப் பேசியே வளர்ந்தவன் சார் நான், இதற்கு என்ன விலை சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஜீப்பைப் பிடிக்கட்டும். மறுபடி மூட்டை தூக்கிக்கொள்கிறேன், தோள் இருக்கிறது.

இல்லை, சாக்கை இழுக்காதீர்கள். அது எனக்கு வேண்டாம். இந்தக் காய் ஒன்று போதும் உள்ளே போவதற்கு. சாக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காசெல்லாம் வேண்டாம், என்னிடம் சும்மா வாங்கின முதல் ஆள் நீங்கள்தான். வீட்டுக்குப் போனதும் அந்தக் களிமண்ணைக் கழுவி எடுத்துவிட்டு, இதைப் போட்டு ரோஜாவை வையுங்கள். எப்படிப் பூக்கிறது என்று பாருங்கள்.

கண்டக்டர் இறக்கிவிடும்போது மறுபடி கேட்பான், எந்த ஊர் மண் என்று. வண்டன்மேடு, ஏலமலை மண் என்று சொல்லிவிடுங்கள் சார். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. இங்கேயிருந்து காலேஜ் வரைக்கும் நடந்து போகிறேன், அதற்குள் வந்துவிடும்.